பாட்டுப் பெட்டியும் படப் பெட்டியும்

கையில் எடுத்துச் செல்லத்தக்க படப் பெட்டி, பாட்டை மட்டுமே பாடும் பெட்டியோடு போட்டியிட்டு வெல்ல இயலுமா? 2002-ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தாறு ஆண்டுக் காலம் உலகின் பெரிய மின்னணு நிறுவனங்களை ஆட்டிவைத்த கேள்வி இது. இயலும் என்றே பலரும் கருதினர். ஒரே பெட்டி பாட்டும் பாடிப் படமும் காட்டுமாயின், பாட்டு மட்டும் பாடும் பெட்டியை எவர் விலை கொடுத்து வாங்குவர் என்பது அவர்தம் வாதம். ஊமைப் படம் போய்ப் பேசும் படம் வந்ததையும், கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்ததையும் கண்டவர்களுக்கு இவ்வாதம் மறுக்க இயலாததாகவே தோன்றும். ஆயினும் சட்டைப்பைக்குள் நடந்த இந்தப் போட்டி அவர்கள் எண்ணியவாறு முடியவில்லை.

தமிழகத்துக்கு அப்பால், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம் நேயர்களுக்கு இது வெறும் இயந்திரங்களின் கதையாக இராது. கடைப் பலகைகள் வேறு எழுத்தில் இருக்கின்றன. அலுவலகத்தில் வேறு மொழி, பேருந்தில் வேறு மொழி. பிள்ளைகளின் பாடப் புத்தகமும் வேறு மொழி. இத்தகைய ஊர்களில் பல குடும்பங்களுக்குத் தமிழ் நாள்தோறும் வந்து சேர்வது காதின் வழியாகத்தான். சமைக்கும் போதும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் போதும், மின்சார ரயிலில் நின்றவாறு செல்லும் போதும் காதில் ஒலித்தது எது என்பது, அந்தந்தக் காலத்தில் கைக்கு எட்டிய கருவி எது என்பதைப் பொறுத்தே அமைந்தது. வானொலிப் பக்கத்தில் எழுதுகிற நாம் காதின் கட்சியைப் பேசுவது வியப்பன்று. ஆதலால் கட்சி பேசுவதைச் சற்று ஒத்திவைத்து, நடந்தவற்றை ஆண்டு வரிசையில் நோக்குவோம்.

கண்ணுக்கும் காதுக்கும் நடந்த இந்தப் போட்டி இருபத்தோராம் நூற்றாண்டில் தோன்றியதன்று. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்.-1 என்னும் சிறு வானொலிப் பெட்டி அறிவிக்கப்பட்டது. நான்கே டிரான்சிஸ்டர்கள் கொண்ட அதன் விலை 49.95 டாலர். அதுகாறும் வால்வுகள் நிறைந்து, வீட்டின் ஒரு மூலையில் மேசைமேல் வீற்றிருந்த வானொலி, அன்றுதான் சட்டைப்பைக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனி நிறுவனம் தன் முதல் டிரான்சிஸ்டர் வானொலியை விற்கத் தொடங்கியது. வானொலியைச் சிறிதாக்கியவர்கள் தொலைக்காட்சியைச் சிறிதாக்காமல் விடுவார்களா? 1960-இல் அதே சோனி நிறுவனம் எட்டு அங்குலத் திரையுடைய டிரான்சிஸ்டர் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 6 கிலோகிராம். கைப்பிடி பொருத்தப்பட்டிருந்ததால் அதனைத் தூக்கிச் செல்லலாம். ஆனால் தூக்கிச் சென்ற இடத்தில் கீழே வைத்து, எதிரே அமர்ந்துதான் பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டர் வானொலியோ உழுபவன் தோளிலும், கட்டட வேலை நடக்கும் இடத்துச் சாரத்திலும், தேநீர்க் கடை ஆணியிலும் தொங்கிற்று. அவரவர் தத்தம் வேலையைச் செய்துகொண்டே கேட்டனர். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. சென்னைக்கு அது வந்தது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல். இடைப்பட்ட காலம் முழுவதும் வானொலிக்கு இங்கே எதிரியே இல்லை. ஆதலால் அந்தக் காலத்தைக் கொண்டு எதையும் நிறுவிவிட இயலாது.

உண்மையான சோதனை ஜப்பானில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சோனி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மசாரு இபுகா நெடுந்தூர விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பினார். அதற்கென அவர் சுமந்து சென்ற ஸ்டீரியோ ஒலிப்பதிவுப் பெட்டி மிகக் கனமானது. எனவே, பதிவு செய்யும் வசதியே வேண்டாம், கேட்பதற்கு மட்டும் ஒரு சிறு பெட்டி செய்து தரலாகாதா என்று கேட்டார். செய்தியாளர்களுக்கென முன்பே விற்று வந்த பிரஸ்மன் என்ற சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொறியாளர்கள் பிரித்து, பதிவு செய்யும் பகுதியை நீக்கி, ஸ்டீரியோ ஒலிக்கும் பகுதியை அதில் பொருத்தினர். இபுகாவின் தோழர் அகியோ மொரிடா அதனைக் கேட்ட அளவில் விற்பனைக்குக் கொண்டுவரத் துணிந்தார். பதிவு செய்யாத கேசட் கருவியை யார் வாங்குவார் என்று நிறுவனத்துக்குள்ளேயே பலர் தலையசைத்து மறுத்தனர். இருந்த வசதியைக் குறைத்துவிட்டு அதனைப் புதுமை என்று விற்பது எப்படி என்பதே அவர்கள் கவலை.

1979-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் வாக்மன் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். முதலில் 30,000 பெட்டிகள் செய்யப்பட்டன. முதல் மாதத்தில் விற்றவை ஏறத்தாழ 3,000 மட்டுமே. நிறுவனத்தார் சோர்ந்துவிடவில்லை. இளைஞர்களைக் காதில் ஹெட்போனுடன் டோக்கியோவின் கின்சா வீதியில் உலவச் செய்தனர்; வழியில் நின்றவர்களுக்குக் காதில் மாட்டிக் காட்டினர். ஆகஸ்டு முடிவதற்குள் செய்தவை அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அதற்கு முன்பெல்லாம் ஹெட்போன் என்றால் 300, 400 கிராம் எடையுள்ளதாக இருக்கும். வாக்மனோடு வந்ததன் எடை ஏறத்தாழ 50 கிராம். வாக்மன் பரவியதற்கு அந்தப் பெட்டியைக் காட்டிலும் இந்தச் சிறு ஹெட்போனே பெருங்காரணம் என்பது நம் துணிபு. தனியொருவராகக் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுமோ என்றஞ்சி, முதல் மாதிரியில் இருவர் கேட்க இரண்டு துளைகளும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்திருந்தனர். மக்கள் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பின்வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் மறைந்துபோயிற்று.

வாக்மன் பெற்ற வெற்றியைக் கண்ட அதே நிறுவனம் 1982-இல் வாட்ச்மன் என்ற பெயரில் கையடக்கத் தொலைக்காட்சியை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். திரை இரண்டே அங்குலம். விலை 54,800 யென். 1988-இல் கேசட்டு நாடாவில் பதிந்த படத்தைப் பார்க்கும் வீடியோ வாக்மனும் வந்தது. இரண்டும் அழகிய பொறியியல் வேலைப்பாடுகளே. ஆனால் வாக்மன் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்று, கையடக்கப் பாட்டுப் பெட்டி எதனையும் வாக்மன் என்றே மக்கள் அழைக்கும் நிலை உண்டானது. வாட்ச்மன் என்றால் நம்மவர்க்கு இன்றும் வாயிற்காவலர்தாம் நினைவுக்கு வருகிறார். செய்தவரும் ஒருவரே, விற்றவரும் ஒருவரே, பெயரும் உடன்பிறந்த பெயரே. தோற்றது எதனால் என்பதற்கு நிறுவனத்தின் திறமைக் குறைவைக் காரணம் காட்ட இயலாது.

நம் நாட்டுக்கு வாக்மன் பெரும்பாலும் பயணிகளின் பெட்டிகளில் ஒளிந்தும், சென்னைப் பர்மா பஜார் போன்ற இடங்களின் வழியாகவும் வந்து சேர்ந்தது. அதனைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது கேசட் என்பதே. 1980-களில் தமிழ்நாட்டு ஊர்கள்தோறும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் அந்த வரிசைப்படியே பதிந்து தருவர். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் வெளிமாநிலத் தமிழர் பலருடைய பெட்டியில் ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் அருகே அத்தகைய கேசட்டுகள் சில இருந்தன. அவற்றை அடுத்த விடுமுறை வரை நூறு முறை கேட்டனர். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்தும் கேட்டனர். ஒரு பாட்டை நூறு முறை கேட்பவர் உண்டு. ஒரு படத்தை நூறு முறை பார்ப்பவர் எத்தனை பேர்? இந்தக் கணக்கைத்தான் பிற்காலத்துப் படப் பெட்டிக்காரர்கள் கூட்டிப் பார்க்கத் தவறினார்கள்.

இனி எண்களின் காலத்துக்கு வருவோம். ஒலியை எண்களாக மாற்றி, மனிதக் காது கவனிக்காத பகுதிகளை நீக்கிச் சுருக்கும் எம்.பி.3 என்ற முறை ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தாரின் பெரும்பங்களிப்பால் உருவாயிற்று. அம்முறையில் ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டில் அடங்கிற்று. 1998-இல் கொரியாவிலிருந்து எம்.பி.மேன் என்ற பெட்டியும், அமெரிக்காவில் ரியோ என்ற பெட்டியும் வெளிவந்தன. இரண்டிலும் 32 மெகாபைட்டு நினைவகந்தான்; எட்டுப் பாட்டு, பத்துப் பாட்டு ஏற்றினால் நிரம்பிவிடும். அந்தப் பத்துப் பாட்டுக்கே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் ஏறிற்று. 1999-இல் தீர்ப்பு ரியோவுக்குச் சார்பாக வந்தது. தான் வாங்கிய இசைத்தட்டைத் தன் பெட்டியில் ஏற்றிக் கேட்பவனுக்கு வழி திறந்தது. இந்த வழக்கு பாட்டுப் பெட்டிக்குச் செய்த நன்மையைப் பின்னர்க் காண்போம்.

2001-ஆம் ஆண்டு அக்டோபர் 23-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிவித்தது. அதனுள் தோஷிபா நிறுவனத்தார் செய்த 1.8 அங்குல வன்தட்டு. கொள்ளளவு 5 கிகாபைட்டு. ஏறத்தாழ ஆயிரம் பாட்டு. எடை 184 கிராம். விலை 399 டாலர். விலை மிகுதி என்று நகைத்தவர் பலர். ஆயினும் ஒரே விரலால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஆயிரம் பாட்டுகளுள் ஒன்றைக் கண்டெடுக்கும் எளிமை மக்களைக் கவர்ந்தது. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே, கண்ணால் பாராமல், அடுத்த பாட்டுக்கு நகர இயன்றது.

இனிப் படப் பெட்டியின் படையெடுப்பு. 2002-இல் பிரான்சு நாட்டு ஆர்க்கோஸ் நிறுவனம் 20 கிகாபைட்டு வன்தட்டும் ஒன்றரை அங்குலத் திரையும் கொண்ட பெட்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதன் திரை 3.8 அங்குலமாக வளர்ந்தது. 2004-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமே களத்தில் இறங்கிற்று. அது மென்பொருளைத் தர, கிரியேட்டிவ், சாம்சங், ஐரிவர் ஆகிய நிறுவனங்கள் பெட்டியைச் செய்தன. கிரியேட்டிவ் நிறுவனத்தின் பெட்டி 3.8 அங்குலத் திரை, 20 கிகாபைட்டு, ஏறத்தாழ 340 கிராம் எடை, 499 டாலர் விலை என்ற அளவில் வந்தது. ஐபாடின் முடிவு நெருங்கிவிட்டதென்று அக்காலத்து இதழ்களில் எழுதியவர்கள் உண்டு. ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்சோ, சிறு திரையில் படம் பார்க்க மக்கள் விரும்புவதாகத் தமக்குத் தோன்றவில்லை என்னும் கருத்தைப் பல முறை வெளியிட்டார். வணிகர் பேச்சை முழுதும் நம்புவதற்கில்லை என்பது அடுத்த ஆண்டே புலப்பட்டது. அதற்கு முன், மைக்ரோசாப்டின் படை ஏன் வெல்லவில்லை என்று பார்ப்போம்.

முதற்காரணம் மிக எளிது. திரை பெரிதானால் சட்டைப்பை கொள்ளாது. சட்டைப்பைக்கேற்பச் சுருக்கினால் கண் கொள்ளாது. பாட்டுப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்டி எவ்வளவு சிறுத்தாலும் காதில் விழும் ஒலி சிறுப்பதில்லை.

பாட்டரியின் கதை இன்னும் நுட்பமானது. வன்தட்டுப் பாட்டுப் பெட்டி, தட்டினை எப்போதும் சுழற்றிக்கொண்டிருப்பதில்லை. சில பாட்டுகளை ஒரே மூச்சில் படித்துச் சிறு நினைவகத்தில் வைத்துக்கொண்டு தட்டை உறங்கவிடும். முதல் ஐபாடின் 32 மெகாபைட்டு நினைவகம் இருபது நிமிடப் பாட்டைத் தாங்கிற்று. திரையும் அணைந்திருக்கும். படம் அவ்வாறன்று. நிமிடத்துக்குப் பாட்டைப் போல் பல மடங்கு இடம் கொள்வதால் தட்டு அடிக்கடி விழித்தெழுந்து சுழல வேண்டும். திரையோ முழு நேரமும் ஒளிர வேண்டும். பின்னர் வந்த 30 கிகாபைட்டு ஐபாடின் அளவை ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டது: பாட்டு எனில் 14 மணி நேரம், படம் எனில் 2 மணி நேரம். நம் தமிழ்ப் படம் ஒன்றுக்கு அது போதாது. வில்லன் பிடிபடுமுன் பெட்டி அணைந்துவிடும்.

ஆயினும் இவை இரண்டும் பொறியாளர்களால் தீர்க்கக்கூடியவையே. தீர்க்க இயலாதது பெட்டிக்குள் எதை நிரப்புவது என்ற கேள்வி. பாட்டுப் பெட்டி வாங்கியவர் வீட்டில் இசைத்தட்டுகள் முன்பே அடுக்கியிருந்தன. கணினியில் ஒன்றை இட்டால் சில நிமிடங்களில் எம்.பி.3 ஆகிவிடும், ரியோ வழக்கு அதற்குத் தடையில்லாமல் செய்துவிட்டது. திரைப்படத் தட்டோ பூட்டுப் போட்டே விற்கப்பட்டது. 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் அந்தப் பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிற்று. தொலைக்காட்சியிலிருந்து கணினியில் பதிந்து, சிறு திரைக்கேற்ப மாற்றி, பின்பு பெட்டியில் ஏற்றலாம் என்றார்கள். அதற்குத் தனிக் கணினியும் தனிப் பொறுமையும் வேண்டும். இருபது நிமிட ரயில் பயணத்தில் பார்க்க வேண்டிய காட்சிக்கு முன்னிரவெல்லாம் கணினி ஓடவேண்டுமென்றால் எத்தனை பேர் செய்வர்? சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் வெளியிட்ட பி.எஸ்.பி. என்ற விளையாட்டுப் பெட்டிக்குச் சிறு வட்டுகளில் திரைப்படங்கள் விற்கப்பட்டன. விளையாட்டுக்கென அப்பெட்டி நன்றாகவே விற்றது. படவட்டு வெளியிட்ட நிறுவனங்களோ 2006-லேயே பின்வாங்கத் தொடங்கின.

இங்கே வேறொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். பாட்டுப் பெட்டியை உலகுக்கு அளித்த சோனி, எண்களின் காலத்தில் அந்தக் களத்தையே இழந்தது. தன் சொந்தமான அட்ராக் முறையில் மாற்றினாலன்றித் தன் பெட்டிகள் பாடா என்று 2004 வரை பிடிவாதமாக இருந்தது. திரைப்படமும் இசைத்தட்டும் விற்கும் கிளைகளைத் தன்னகத்தே வைத்திருந்த நிறுவனத்துக்கு, வாங்குபவன் விருப்பப்படி ஏற்றிக் கேட்கும் பெட்டியைச் செய்யக் கை நடுங்கியது போலும். ஆகவே காதின் கட்சியில் இருந்தவர்கள் எல்லாரும் வென்றார்கள் என்று சொல்வதற்கில்லை.

2005-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விசித்திரமான ஆண்டு. சனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் ஷபிள் என்ற பெட்டியை வெளியிட்டது. எடை 22 கிராம். தொடக்க விலை 99 டாலர். திரை என்பதே அறவே இல்லை. எந்தப் பாட்டு வருகிறதென்று பார்க்கவும் வழியில்லை. வந்ததைக் கேட்க வேண்டியதுதான். அது நன்றாக விற்றது. அதே நிறுவனம் அக்டோபர் 12-இல் 2.5 அங்குலத் திரையில் படம் காட்டும் ஐபாடை வெளியிட்டது! ஒரு நிகழ்ச்சிக்கு 1.99 டாலர் விலையில் தொலைக்காட்சித் தொடர்களையும் இசைப் படங்களையும் தன் கடையில் விற்கத் தொடங்கிற்று. இருபது நாளுக்குள் பத்து இலட்சம் படங்கள் விற்றன என்று அறிவிப்பும் வந்தது. படப் பெட்டி இறுதியில் வென்றுவிட்டதென்று தோன்றும். உற்று நோக்கினால் வேறு தெரியும். மைக்ரோசாப்டின் பெட்டி, படத்துக்கென வாங்கி அதில் பாட்டும் கேட்கலாம் என்றது. ஆப்பிளின் பெட்டி, பாட்டுக்கென வாங்குங்கள், படம் வேண்டுமானால் பாருங்கள் என்றது. முந்தைய ஐபாடின் அதே விலைக்கே, அதனினும் மெல்லிய உடலோடு வந்ததால், படம் பாராதவரும் அதனை வாங்கினர். படம் அங்கே விருந்தாளியாக வந்தது, வீட்டுக்காரர் பாட்டே.

நம் நாட்டுக் கடைவீதிகளில் இந்தப் போட்டி வேறு உருவில் நடந்தது. ஐபாடின் விலை எளியவர்க்கு எட்டாதது. சீனத்திலிருந்து வந்த மலிவான சிறு பெட்டிகள் முதலில் எம்.பி.3 என்ற பெயரிலும், பின்பு திரையோடு எம்.பி.4 என்ற பெயரிலும் குவிந்தன. மூன்றுக்கு அடுத்தது நான்கு, ஆகவே இது மேம்பட்டது என்று வாங்குபவர் எண்ணினர். விற்பவர் அதனை மறுக்கவில்லை. உண்மையில் எம்.பி.3 என்பதிலுள்ள மூன்று, ஒரு தரநிர்ணயத்தின் மூன்றாம் அடுக்கைக் குறிப்பது. எம்.பி.4 என்பது வேறொரு தரநிர்ணயத்தைச் சேர்ந்த கோப்பு வகை. இரண்டும் ஒரே படிக்கட்டின் படிகள் அல்ல. மேலும், எம்.பி.4 என்று விற்ற மலிவுப் பெட்டிகளில் பல, அந்தக் கோப்பை அப்படியே காட்டவும் அறியா. அவற்றுக்கெனத் தனியே மாற்றிக் கொடுக்க வேண்டும். தீப்பெட்டியளவு திரையில் இரண்டு நாள் கதாநாயகனைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் முதல் அதனைப் பாட்டுப் பெட்டியாகவே பயன்படுத்தியவர் எத்தனையோ பேர்.

இந்த இரு கட்சியாரும் போரிட்டுக்கொண்டிருந்த போது, மூன்றாமவர் ஒருவர் வாயிற்படி ஏறிவந்தார். அவர் தொலைபேசி. 2005-லேயே வாக்மன் என்ற பெயர் தாங்கிய கைத்தொலைபேசி சோனி எரிக்சன் நிறுவனத்திலிருந்து வந்துவிட்டது. 2007 சனவரியில் ஐபோன் அறிவிக்கப்பட்டது. ஐபாட் விற்பனை 2008-ஆம் நிதியாண்டில் 5 கோடியே 48 இலட்சம் என்ற உச்சியை அடைந்து, பின்பு ஆண்டுதோறும் இறங்கலாயிற்று. சக்கரம் வைத்த பழைய ஐபாட் 2014-லும், திரையற்ற ஷபிள் 2017-லும், எஞ்சியிருந்த ஐபாட் டச் 2022 மே மாதத்திலும் நிறுத்தப்பட்டன. தனிப் படப் பெட்டிகள் அதற்கு முன்பே மறைந்துபோயின. பாட்டுப் பெட்டியைப் படப் பெட்டி வெல்லவில்லை. எப்படியும் சட்டைப்பையில் இருக்க வேண்டிய ஒரு கருவி இரண்டையும் விழுங்கிற்று.

விழுங்கியதில் நம்மவர்க்கு நன்மை மிகுதி என்பதை மறைக்கலாகாது. கைத்தொலைபேசிக் கடைகளில் மெமரி கார்டு எனப்படும் நகத்தளவு அட்டையில் பாட்டு ஏற்றித் தரும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. முன்பு கேசட்டில் பதிந்து தந்த கடையின் வாரிசு என்றே அதனைச் சொல்லலாம். சூரத்திலோ லூதியானாவிலோ ஆலையில் உழைக்கும் ஒருவர், ஊரிலிருந்து வரும் நண்பரின் அட்டையிலிருந்து ஐந்நூறு பாட்டுகளைத் தம் கருவிக்கு மாற்றிக்கொள்ள இயன்றது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இணையத்தின் விலை வீழ்ந்தது, அட்டையும் தேவையற்றதாயிற்று. உலகத்துத் தமிழ்ப் பாட்டனைத்தும் கைக்கு வந்தது.

ஆனால் வந்த வழியைப் பாருங்கள். மிகப் பலர் இன்று பாட்டுக் கேட்பது யூடியூப் என்னும் படத் தளத்தில். கட்டணமின்றிக் கேட்பவர், திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடும். வேறு செயலிக்கு மாறினாலும் நின்றுவிடும். திரை அணைந்தும் பாட்டுத் தொடர வேண்டுமாயின் மாதக் கட்டணம் உண்டு. அவ்வசதி இந்தியாவுக்கு 2019 மார்ச்சில் வந்தது. ஆகவே அடுப்பங்கரையில் நிற்கும் அம்மையார் ஒருவர் பழைய பாட்டொன்றைக் கேட்க, தாம் பாராத படத்தை அரை மணி நேரம் ஒளிரவிட்டுப் பாட்டரியைத் தேய்க்கிறார். இடையிடையே விளம்பரத்தைத் தள்ள ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருகிறார். 1954-இல் டிரான்சிஸ்டர் கண்ணுக்கு அளித்த விடுதலையை இன்று மாதத் தவணையில் வாங்க வேண்டியிருக்கிறது. படப் பெட்டி பாட்டுப் பெட்டியை வென்றதுண்டு என்றால், கடைவீதியில் அன்று, இங்கேதான் என்போம்.

பாட்டுப் பெட்டி அடியோடு அழிந்துவிட்டதா? அதுவும் இல்லை. 2017-இல், முன்னாளில் கிராமபோன் கம்பெனி என்று அறியப்பட்ட சரிகம நிறுவனம் கார்வான் என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றம், உள்ளே முன்னரே ஏற்றிவைத்த 5,000 இந்திப் பாட்டுகள், படம் காட்டும் திரை கிடையாது, இணையமும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் அத்தனைப் பாட்டும் இருக்கும் போது இதனை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து யார் வாங்குவர் என்று, 1979-இல் டோக்கியோவில் கேட்ட அதே கேள்வியை இங்கும் கேட்டிருக்கலாம். அது விற்றது. பிள்ளைகள் தம் பெற்றோருக்குப் பரிசாக அளிக்கத்தக்கதென்றே விளம்பரமும் செய்யப்பட்டது. பின்பு தமிழ்ப் பாட்டுகள் நிறைந்த பெட்டியும் வந்தது. ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையருக்குப் புனேயிலிருந்தோ ஐதராபாதிலிருந்தோ மகன் அனுப்பிய பெட்டியில், குமிழைத் திருகினால் பாடகரின் பெயருக்கேற்பப் பாட்டு மாறுகிறது. மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை.